எப்பவோ விட்ட வண்டிக்கு இப்ப கோர்ட்டு சம்மனா? பழைய பார்க்கிங் பாக்கி வழக்கை எதிர்கொள்வது எப்படி? முழு விவரம்

வீரகேரளம்புதூர்,

"வண்டியை ஸ்டாண்டுல விட்டது வாஸ்தவம்தான் அண்ணாச்சி. ஆனா அது எந்தக் காலம்! இப்ப போய் கோர்ட்டுல இருந்து தாள் வந்திருக்கு" என்று யாராவது கையில் சம்மனோடு வந்து நின்றால் என்ன சொல்வது? "சும்மா கிழிச்சுப் போடு" என்று சொல்பவர்களும் உண்டு. "பயமா இருக்கு, கேட்டதை கட்டிட்டு வந்துரு" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு.

வீரகேரளம்புதூர், சுரண்டை, ஊத்துமலை பகுதியில் இருந்து சென்னை, திருப்பூர், கோவை என்று பிழைக்கப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை தென்காசியில் ஏதாவது ஸ்டாண்டில் விட்டு விட்டு பஸ், ரெயில் ஏறுவது வழக்கம். குற்றால சீசனில் அருவிக்கு போகிறவர்கள் அவசரத்தில் எந்த காலி இடத்திலாவது வண்டியை விட்டு டோக்கன் வாங்குவதும் வழக்கம். சொன்ன நாளில் திரும்ப முடியாமல் போகும். டோக்கன் தொலைந்து போகும். வாடகை தகராறு வரும். "அப்புறம் தாரேன்" என்று வண்டியை எடுத்து வந்தவர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள்.

இப்படிப்பட்ட பழைய பாக்கிக்கு தனியார் ஸ்டாண்டு நடத்துபவர் கோர்ட்டுக்கு போனால் நாம் என்ன செய்ய வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது? அதன் விவரம் வருமாறு:-

வந்திருப்பது என்ன தாள்?

முதலில் கையில் இருக்கும் தாளை நிதானமாக படியுங்கள். படிக்க தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்து முழுசாக படிக்க சொல்லுங்கள்.

வக்கீல் நோட்டீசு வேறு, கோர்ட்டு சம்மன் வேறு. வக்கீல் நோட்டீசு என்பது எதிர்தரப்பு தன் வக்கீல் மூலம் அனுப்பும் கடிதம். அதற்கு கோர்ட்டு அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் பதில் போடுவது நல்லது.

சம்மனில் கோர்ட்டின் பெயர், முத்திரை, வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். கூடவே வழக்கு மனுவின் நகலும் வரும். வழக்கு போட்டவர் வாதி. நீங்கள் பிரதிவாதி.

வாட்ஸ்அப்பில் "கோர்ட்டு நோட்டீசு" என்று ஒரு படத்தை அனுப்பி, "உடனே இந்த நம்பருக்கு பணம் போடு, இல்லாவிட்டால் கைது" என்று மிரட்டினால் ஏமாந்து விடாதீர்கள். கோர்ட்டு அப்படி யாருடைய செல்போன் நம்பருக்கும் பணம் போட சொல்லாது. உண்மையான வழக்கு என்றால் அதற்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் இருக்கும். இ-கோர்ட்டு இணையதளத்திலோ, அதன் செல்போன் செயலியிலோ அந்த எண்ணை போட்டு வழக்கு நிஜமா என்று பார்த்துக்கொள்ளலாம். செல்போன் தெரியாதவர்கள் சம்மனில் உள்ள கோர்ட்டு அலுவலகத்துக்கே நேரில் போய் கேட்கலாம்.

போலீசார் போடும் அபராதமும் இதுவும் ஒன்றல்ல. ரோட்டோரம் தடை செய்த இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு போலீசார் போடுவது மோட்டார் வாகன சட்ட அபராதம். தனியார் இடத்தில் விட்டதற்கு கேட்பது வெறும் வாடகை பாக்கி. அது சிவில் விவகாரம். அதற்காக போலீசார் வந்து பிடித்து போக முடியாது.

வாங்க மறுத்தால் தப்பிக்கலாமா?

"தபால்காரர் வந்தா ஆள் இல்லைன்னு சொல்லிரு" என்று வீட்டில் சொல்லி வைப்பவர்கள் உண்டு. இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பதிவு தபாலை வாங்க மறுத்தால், சம்மன் சேர்ந்து விட்டதாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். கோர்ட்டு ஊழியர் வரும்போது நீங்கள் வீட்டில் இல்லாமல், எப்போது வருவீர்கள் என்றும் தெரியாவிட்டால், வீட்டில் இருக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் சம்மனை கொடுத்து விட்டு போகலாம். அது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். யாருமே வாங்காவிட்டால் வீட்டு கதவில் ஒட்டி விட்டு போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

எனவே சம்மனை வாங்குங்கள். வாங்கிய தேதியை தாளின் மூலையிலேயே எழுதி வையுங்கள். உறையையும் தூக்கி எறியாதீர்கள். அந்த தேதியில் இருந்துதான் உங்கள் கெடு ஓடத் தொடங்குகிறது.

30 நாள் கெடு

சாதாரண பண வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் உங்கள் பதிலை எழுத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு எதிருரை என்று பெயர். முடியாவிட்டால் காரணத்தை சொல்லி அவகாசம் கேட்கலாம். கோர்ட்டு காரணத்தை பதிவு செய்து 90 நாள் வரை அனுமதிக்கலாம்.

அந்த 90 நாளும் தாண்டி விட்டால்? சேலம் வக்கீல்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2005-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதற்கு பதில் சொன்னது. மிகவும் நியாயமான, விதிவிலக்கான காரணம் இருந்தால் அதற்கு பிறகும் கோர்ட்டு ஏற்கலாம் என்றது. ஆனால் அதை நம்பி காலம் தாழ்த்துவது, கடைசி பஸ்சை நம்பி கடைவீதியில் நிற்பது மாதிரி.

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். சம்மனில் "உத்தரவு 37" அல்லது "சுருக்க விசாரணை" என்று இருந்தால் கெடு இன்னும் குறைவு. 10 நாளுக்குள் ஆஜர் ஆவதாக கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். பிறகு வழக்கை எதிர்க்க தனியாக அனுமதியும் கேட்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம், பிராமிசரி நோட்டு, செக் மாதிரியான ஆவணத்தின் பேரில் போடும் வழக்குகள்தான் இப்படி வரும்.

போகாமல் விட்டால் என்ன ஆகும்?

நீங்கள் ஆஜராகாவிட்டால் கோர்ட்டு ஒருதலைபட்சமாக விசாரித்து வாதிக்கு சாதகமாக தீர்ப்பு கூறலாம். இதைத்தான் "எக்ஸ்பார்ட்டி ஆயிருச்சு" என்று கோர்ட்டு வளாகத்தில் சொல்வார்கள்.

"400 ரூபாய் பாக்கிக்கு என்ன பெருசா வந்துரப் போகுது" என்று நினைக்காதீர்கள். தீர்ப்பு வந்து விட்டால் அதை 12 ஆண்டுகள் வரை நிறைவேற்ற சட்டம் அனுமதிக்கிறது. பாக்கி காலாவதி ஆகியிருந்தாலும், தீர்ப்பாக மாறி விட்டால் அது மறு உயிர் பெற்ற மாதிரிதான். வட்டியும் வழக்கு செலவும் வேறு சேரும்.

ஒருதலைபட்ச தீர்ப்பு வந்து விட்டால் அதை ரத்து செய்ய மனு போடலாம். தீர்ப்பு தேதியில் இருந்து 30 நாள் அவகாசம். சம்மனே முறையாக வரவில்லை என்றால், தீர்ப்பு பற்றி தெரிய வந்த நாளில் இருந்து 30 நாள். தாமதம் ஆகியிருந்தால் அதற்கு தக்க காரணம் காட்டி மன்னிக்க சொல்லி தனி மனு போட வேண்டும். வெளியூரில் வேலை பார்த்தது, ஆஸ்பத்திரியில் இருந்தது போன்றவற்றுக்கு கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

3 ஆண்டு கணக்கு

பழைய பாக்கி வழக்கில் நம் கையில் உள்ள பெரிய ஆயுதம் காலவரையறை சட்டம். 1963-ம் ஆண்டு கொண்டு வரப்பட்ட இந்த சட்டப்படி, இது போன்ற ஒப்பந்த பாக்கிக்கு 3 ஆண்டுக்குள் வழக்கு போட வேண்டும். பணம் கொடுக்க வேண்டிய நாளில் இருந்து கணக்கு ஓடும்.

அரசாங்கம் போடும் வழக்குக்கு 30 ஆண்டு அவகாசம் உண்டு. அந்த சலுகை தனியார் ஸ்டாண்டுக்காரருக்கு கிடையாது.

இந்த சட்டத்தின் 3-வது பிரிவு முக்கியமானது. காலம் கடந்த வழக்கு என்றால், பிரதிவாதி சொல்லாவிட்டாலும் கோர்ட்டே அதை தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது. ஆனாலும் நீங்கள் சும்மா இருந்து விடக்கூடாது. எதிருரையில் முதல் வாதமாக இதை எழுதுங்கள்.

கொரோனாவால் வந்த மாற்றம்

இந்த இடத்தில்தான் பலர் கணக்கை தப்பாக போடுகிறார்கள். கொரோனா காலத்தில் கோர்ட்டுகள் சரியாக இயங்காததால், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள காலத்தை காலவரையறை கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அதாவது கிட்டத்தட்ட 2 வருஷம் கணக்கிலேயே வராது. உதாரணங்களை பாருங்கள்:-

* 2017 ஜூலை 20-ல் தர வேண்டிய பாக்கி: 3 ஆண்டு 2020 ஜூலையில் முடிய வேண்டும். கொரோனா காலத்தை கழித்து பார்த்தாலும் 2022 ஜூலை முதல் வாரத்தோடு கெடு முடிந்து விட்டது.

* 2020 ஜனவரி 10-ல் தர வேண்டிய பாக்கி: சாதாரண கணக்கில் 2023 ஜனவரியில் முடியும். கொரோனா காலத்தை கழித்தால் 2024 டிசம்பர் கடைசி வாரம் வரை போகும்.

* 2021-ம் ஆண்டு பாக்கி: கணக்கு 2022 மார்ச் 1-ல்தான் தொடங்கும். 2025 பிப்ரவரி கடைசியில் முடியும்.

* 2022 மார்ச்சுக்கு பிறகு வந்த பாக்கி: வழக்கம் போல நேரடியாக 3 ஆண்டு.

வழக்கு மனுவில் "வழக்கு மூலம்" எந்த தேதியில் ஏற்பட்டது என்று வாதி எழுதியிருப்பார். வழக்கு தாக்கல் செய்த தேதியும் இருக்கும். இரண்டையும் வைத்து மேலே சொன்னபடி கணக்கு போடுங்கள். உங்களுக்கு சம்மன் வந்த தேதி இந்த கணக்குக்கு உதவாது. வழக்கு தாக்கல் ஆன தேதிதான் முக்கியம்.

கையெழுத்து போட்டால் போச்சு!

காலம் கடந்த பாக்கி என்றால் ஸ்டாண்டுக்காரருக்கும் அது தெரியும். அதனால் சிலர் அன்பாக பேசுவார்கள். "தம்பி, பணம் இப்ப வேண்டாம். தர வேண்டியது உண்டுன்னு ஒரு வரி எழுதி குடு, போதும்" என்பார்கள். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

கெடு முடிவதற்குள் "பாக்கி உண்டு" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்து போட்டால், அந்த நாளில் இருந்து புதிதாக 3 ஆண்டு ஓடத் தொடங்கும். கெடுவுக்குள் ஒரு பகுதி பணத்தை கொடுத்து அதை உங்கள் கையால் எழுதியோ, கையெழுத்திட்டோ கொடுத்தாலும் அதே கதைதான்.

கெடு முடிந்த பிறகு எழுதி கொடுத்தாலும் ஆபத்து உண்டு. காலாவதியான கடனை தருகிறேன் என்று எழுதி கையெழுத்திட்டால், 1872-ம் ஆண்டு ஒப்பந்த சட்டத்தின் 25-வது பிரிவுப்படி அதுவே புது ஒப்பந்தம் ஆகி விடும். செத்த பாம்பை நாமே உயிர் கொடுத்து எழுப்பிய மாதிரி.

வக்கீல் நோட்டீசுக்கு பதில் எழுதும்போதும் இதே கவனம் தேவை. "பாக்கியை கட்ட 2 மாசம் டைம் குடுங்க" என்று எழுதாதீர்கள். "தாங்கள் கூறும் பாக்கியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கான ரசீது, கணக்கு நகல்களை அனுப்பவும்" என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் சேதியும் பின்னாளில் கோர்ட்டுக்கு வரலாம். எனவே அதிலும் வாயை கட்டுங்கள்.

பணம் கேட்கவே உரிமை உண்டா?

வழக்கு காலத்துக்குள் போடப்பட்டிருந்தாலும், வாதி பல விஷயங்களை நிரூபிக்க வேண்டும். பாக்கி உண்டு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். "இல்லை" என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியது இல்லை.

இடம் யாருடையது? சொந்த இடமா, குத்தகையா? உள்ளாட்சி அமைப்பு ஏலம் விட்ட ஸ்டாண்டு என்றால் அந்த தேதியில் குத்தகை நடப்பில் இருந்ததா? ஏல நிபந்தனையில் எவ்வளவு கட்டணம் வாங்க அனுமதி? இதை எல்லாம் கேட்கலாம். உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமை சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டு ஏல நிபந்தனையின் நகல் கேட்கலாம்.

கட்டணப் பலகை வைத்திருந்தார்களா? வண்டியை விடும்போதே கட்டணம் தெரிந்திருந்தால்தான் அது ஒப்பந்தம். எடுக்கும்போது புதுசா ஒரு தொகை சொன்னால் அது ஒப்பந்தம் ஆகாது என்று வாதாடலாம்.

வணிக வளாகங்கள் பார்க்கிங் கட்டணம் வாங்கலாமா என்பதில் கோர்ட்டுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. மால்களும் தியேட்டர் வளாகங்களும் கட்டணம் வாங்க அதிகாரம் இல்லை என்று குஜராத் ஐகோர்ட்டு 2019 ஜூலையில் தீர்ப்பு கூறியது. கொச்சி லூலு மால் வழக்கில் கேரள ஐகோர்ட்டு 2025-ல் கட்டணம் வாங்கலாம் என்று கூறியது. சென்னையில் ஒரு வணிக வளாகம் 2 மணி நேரத்துக்குள் எடுத்த வண்டிக்கு 80 ரூபாய் வாங்கியதற்காக, வாடிக்கையாளருக்கு ரூ.12 ஆயிரம் கொடுக்கும்படி நுகர்வோர் ஆணையம் 2025-ல் உத்தரவிட்டது. எனவே "மால்னா ப்ரீதான்" என்றோ, "கேட்டதை கொடுத்தே ஆகணும்" என்றோ பொதுவாக சொல்லி விட முடியாது. தனியார் காலி மனையில் நடக்கும் ஸ்டாண்டுக்கு இந்த மால் தீர்ப்புகள் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

வண்டியை விற்று விட்டால்?

பழைய மோட்டார் சைக்கிளை விற்று விட்டு ஆர்.சி. புக்கில் பேர் மாற்றாமல் விட்டவர்கள் நம் பகுதியில் ஏராளம். வாங்கியவர் எங்கோ வண்டியை விட்டு விட்டு போக, சம்மன் பழைய உரிமையாளருக்கு வரும்.

பார்க்கிங் வாடகை என்பது வண்டியை விட்டவருக்கும் ஸ்டாண்டுக்காரருக்கும் இடையில் ஏற்பட்ட ஒப்பந்தம். "வண்டியை நான் விடவில்லை, டோக்கன் நான் வாங்கவில்லை" என்று வாதாடலாம். விற்றதற்கான ரசீது, படிவம் 29, 30 நகல், பணம் வாங்கிய வங்கி கணக்கு விவரம் இருந்தால் தாக்கல் செய்யுங்கள்.

ஆனால் விபத்து இழப்பீட்டு வழக்கில் கதையே வேறு. அங்கே ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் கூறி விட்டது. எனவே வண்டியை விற்றால் அன்றைக்கே பேர் மாற்றி விடுவது நல்லது.

400 ரூபாய் 9 ஆயிரம் ஆவது எப்படி?

ஒரு பேச்சுக்கு, தினம் 10 ரூபாய் வீதம் 40 நாள் வண்டி நின்றது என்று வைத்துக்கொள்வோம். வாடகை ரூ.400. ஆனால் வழக்கில் தாமத கட்டணம், டோக்கன் தொலைந்த அபராதம், நோட்டீசு செலவு என்று சேர்த்து ரூ.9 ஆயிரம் கேட்கலாம்.

ஒப்பந்த சட்டத்தின் 74-வது பிரிவு இதற்கு கடிவாளம் போடுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு அபராத தொகை எழுதியிருந்தாலும் அதை அப்படியே வசூலித்து விட முடியாது. அந்த தொகைக்கு மேல் போகாமல், நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கோர்ட்டு கொடுக்கும். எனவே "அசல் வாடகை எவ்வளவு, மற்றது எவ்வளவு" என்று தனித்தனியாக பிரித்து காட்ட சொல்லி எதிருரையில் கேளுங்கள். 400 ரூபாய் உண்மையிலேயே தர வேண்டியதாக இருந்து, கெடுவும் முடியாமல் இருந்தால், அதை மட்டும் ஒப்புக்கொண்டு மற்றதை மறுக்கலாம். அது கோர்ட்டில் உங்கள் மேல் நம்பிக்கையை கூட்டும்.

டோக்கன் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை எல்லாம் வேத வாக்கு அல்ல. 1960-களிலேயே சென்னையில் ஒரு சலவை நிறுவன வழக்கில், "துணி தொலைந்தால் மதிப்பில் ஒரு சிறு பங்குதான் தருவோம்" என்று ரசீதில் அச்சிட்ட நிபந்தனையை சென்னை ஐகோர்ட்டு ஏற்க மறுத்து விட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நம் வண்டிக்கு சேதம் என்றால்?

ஸ்டாண்டில் நின்ற நாளில் பெட்ரோல் போனது, கண்ணாடி உடைந்தது, பேட்டரி காணாமல் போனது என்றால் அதையும் எதிருரையிலேயே சொல்லலாம். எதிர் உரிமைகோரலாக தொகை கேட்கலாம். அதற்கு தனியாக கோர்ட்டு கட்டணம் உண்டு. அதற்கும் காலவரையறை கணக்கு பொருந்தும்.

"வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று போர்டு வைத்து விட்டால் தப்பித்து விடலாமா? 1998-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி இரவு டெல்லியில் தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி காரை ஓட்டல் ஊழியரிடம் ஒப்படைத்தார். திரும்பி வந்தபோது காரை வேறொருவர் ஓட்டி போய் விட்டது தெரிந்தது. டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது" என்று எழுதியிருந்தது. 21 ஆண்டுக்கு பிறகு 2019 நவம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. சாவியையும் வண்டியையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, தங்கள் அலட்சியத்தால் ஏற்பட்ட இழப்புக்கு அந்த ஒரு வரியை காட்டி தப்பிக்க முடியாது என்றது.

எதிருரையில் என்ன எழுத வேண்டும்?

வழக்கு மனுவில் பத்தி பத்தியாக எண் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக பதில் சொல்லுங்கள். தெளிவாக மறுக்காத விஷயத்தை ஒப்புக்கொண்டதாக கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். "எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் எழுதினால் போதாது.

1. வழக்கு காலம் கடந்தது என்றால் தேதியோடு எழுதுங்கள்.

2. வண்டியை நான் விடவில்லை, அல்லது அந்த நாளில் வண்டி என்னிடம் இல்லை என்றால் சொல்லுங்கள்.

3. பணம் கொடுத்து விட்டேன் என்றால் எந்த தேதியில், யாரிடம், எப்படி என்று சொல்லுங்கள். பழைய ரசீது, வங்கி கணக்கு பதிவு இருந்தால் இணையுங்கள்.

4. கணக்கு தப்பு, அபராதம் அதிகம் என்றால் சரியான கணக்கை எழுதுங்கள்.

5. வாதிக்கு வசூலிக்க அதிகாரம் இல்லை என்றால் காரணத்தை எழுதுங்கள்.

6. கோர்ட்டு எல்லை தவறு என்றால் முதலிலேயே சொல்லி விட வேண்டும். வழக்கை பிரதிவாதி குடியிருக்கும் இடத்திலோ, வழக்கு மூலம் ஏற்பட்ட இடத்திலோதான் போட முடியும். குற்றாலத்தில் விட்ட வண்டிக்கு, வீரகேரளம்புதூரில் குடியிருப்பவர் மேல், சம்பந்தமே இல்லாத தூரத்து ஊரில் வழக்கு போட்டால் ஆட்சேபிக்கலாம். தாமதித்து சொன்னால் எடுபடாது.

கடைசியில் "இவை உண்மை" என்று சரிபார்ப்பு எழுதி கையெழுத்திட வேண்டும். பிரமாண பத்திரமும் வேண்டும். பொய்யாக எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் அடிபட்டு போகும்.

வாதி சி.சி.டி.வி. காட்சியோ, கம்ப்யூட்டர் ரசீதோ தாக்கல் செய்தால், அதோடு உரிய சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு அதை கேட்கிறது. பழைய சட்டத்திலும் இதே நிபந்தனை இருந்தது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா?

உங்கள் வழக்கை நீங்களே நடத்த உரிமை உண்டு. ஆனாலும் எதிருரை மட்டுமாவது தெரிந்தவர் உதவியோடு எழுதுவது நல்லது.

1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைய சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலை தொழிலாளர்கள், குறிப்பிட்ட வரம்புக்குள் வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

சமரசம் பேசலாம் என்றால் லோக் அதாலத் இருக்கிறது. அங்கே முடிவான வழக்குக்கு அப்பீல் கிடையாது. எனவே கையெழுத்து போடும் முன் தொகையை இரண்டு முறை படித்து பாருங்கள். காலம் கடந்த வழக்கு என்று உறுதியாக தெரிந்தால் சமரசத்துக்கு அவசரப்பட வேண்டிய அவசியமே இல்லை.

ஜெயிலுக்கு போக வேண்டி வருமா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. தீர்ப்பு தொகை ரூ.2 ஆயிரத்துக்கு மேல் போகாவிட்டால் சிவில் சிறை கிடையவே கிடையாது. பண தீர்ப்புக்காக பெண்களை கைது செய்யவும் சட்டம் அனுமதிக்கவில்லை. அதற்கு மேற்பட்ட தொகை என்றாலும், வசதி இருந்தும் வேண்டுமென்றே கொடுக்காதவர்களைத்தான் சிறைக்கு அனுப்ப முடியும். இல்லாத ஏழையை கடனுக்காக சிறையில் போட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1980-ம் ஆண்டிலேயே தெளிவாக கூறி விட்டது.

ஜப்தி செய்வதற்கும் எல்லை உண்டு. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போன்ற மத வழக்கப்படி கழற்ற முடியாத நகை, தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றை தொட முடியாது. கூலி தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது. மாத சம்பளக்காரர் என்றால் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே. உதாரணமாக ரூ.13 ஆயிரம் சம்பளம் என்றால் ரூ.9 ஆயிரத்தை தொட முடியாது.

தீர்ப்புக்கு பிறகு பணத்தை கட்ட நேர்ந்தால் கோர்ட்டில் கட்டுங்கள். நேரில் கொடுத்தால் ரசீது வாங்கி, அதை கோர்ட்டில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத பணத்தை நிறைவேற்று மனு விசாரணையில் கோர்ட்டு கணக்கில் எடுக்காது. இதனால் ஒரே பாக்கியை இரண்டு முறை கட்டும் நிலை வரலாம்.

லண்டனில் இருக்கும் உறவினர்களுக்கு

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு தனியார் பார்க்கிங் நிறுவனங்களின் வழக்கு சர்வசாதாரணம். அங்கே கெடு 6 ஆண்டு. 2012-ம் ஆண்டு சட்டப்படி, ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் சில நிபந்தனைகளோடு பதிவு உரிமையாளரிடமே பணம் கேட்கலாம். 85 பவுண்டு கட்டணம் நியாயமானதுதான் என்று அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2015 நவம்பரில் தீர்ப்பு கூறியது. இணையத்தில் படிக்கும் லண்டன் விஷயத்தை அப்படியே நம் ஊர் வழக்கில் எழுதி விடக்கூடாது. நம் சட்டத்தில் 3 ஆண்டுதான், உரிமையாளரை தானாக பொறுப்பாக்கும் அப்படி ஒரு விதியும் தனியார் பார்க்கிங்குக்கு இல்லை.

மறக்கக்கூடாதவை

* சம்மனை வாங்குங்கள். தேதியை எழுதி வையுங்கள்.

* 30 நாளுக்குள் எதிருரை போடுங்கள்.

* வழக்கு தாக்கல் தேதியை வைத்து 3 ஆண்டு கணக்கு பாருங்கள். கொரோனா காலத்தை மறக்காதீர்கள்.

* "தர வேண்டியது உண்டு" என்று யாருக்கும் எழுதி கொடுக்காதீர்கள்.

* ஒவ்வொரு வாய்தாவுக்கும் போங்கள். போக முடியாவிட்டால் முன்கூட்டியே மனு போடுங்கள்.

* ஸ்டாண்டு டோக்கனையும் ரசீதையும் குறைந்தது 3 ஆண்டு பத்திரமாக வையுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும். இனி வரும் சீசனுக்காவது உதவும்.